தப்பான பதிவை உள்ளே விடாதே!

வரக்காப்பொல என்ற ஊர்ப் பெயரைக் கம்ப்யூட்டரில் தட்டு. அதிலிருக்கும் 'பொ'வைக் கவனி. யூனிகோடில் அதை எழுத இரண்டு வழி உண்டு. பகரத்துக்குப் பின்னால் ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம். ஒற்றைக்கொம்பு ஒன்று, துணைக்கால் ஒன்று என இரண்டு குறியீடுகளாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒரே மாதிரி நிற்கும். ஆனால் டேட்டாபேஸுக்குக் கண் கிடையாது. அது குறியீட்டைத்தான் ஒப்பிடும். எழுத்தை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராமல் விட்டிருந்தால் அதற்கு இவை இரண்டு வேறு ஊர்கள். வரக்காப்பொலவில் எத்தனை குடும்பம் என்று கேட்டால் ஓர் ஊரை எண்ணி விடை சொல்லிவிட்டு மற்றதை விட்டுவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. சில குடும்பங்கள் சத்தமில்லாமல் கணக்கிலிருந்து விழுந்திருக்கும்.

இதைப் பிடிக்க யார் வேண்டும்? தமிழ் எழுதத் தெரிந்த, திரையில் தெரிவதைச் சந்தேகப்படத் தெரிந்த ஒருவர் வேண்டும். அது நீதான் தம்பி! அது நீதான் தங்கச்சி! கண்டி வீதியில் பஸ் பிடித்து வகுப்புக்குப் போகும் இறப்பர் தோட்டத்துப் பிள்ளையே, உன்னைத்தான் சொல்கிறேன். மருந்து ஒரு வரிதான்: உள்ளே வரும் எழுத்தை ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டுச் சேமி. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் 13ஆம் பதிப்பிலிருந்து இதற்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது. கட்டளையை எவரும் படித்துக்கொள்ளலாம். இங்கே அந்தக் கட்டளை தேவை என்று உணர்கிறவர்தான் குறைவு.

"நாங்க தோட்டத்து ஆளுங்க, எங்களுக்கு எங்க இதெல்லாம்" என்ற பேச்சை இன்றோடு குழிதோண்டிப் புதை. தப்பான பதிவு ஒரு மனிதரை என்ன பாடு படுத்தும் என்று இந்த நாட்டில் நம்மைவிட அறிந்தவர் யார்? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் தாத்தா பாட்டிகளை ஒரே வீச்சில் நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 ஒக்டோபரில் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பமிட்ட உடன்படிக்கை 9,75,000 பேரைக் கூறு போட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்று. பிறகு என்பது 1974 வரை இழுத்தது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை ஒரு சமூகத்தின் பிரஜாவுரிமைக் கட்டத்தில் தப்பான விடை நின்றது. அரை நூற்றாண்டுக்கு மேல்! தப்பாக எழுதப்பட்டவர்களின் பேரப்பிள்ளை நீ. தரவின் துல்லியம் என்றால் என்னவென்று உனக்கு ஒருவர் பாடம் எடுக்க வேண்டுமா?

சட்டம் திருந்திய பிறகும் காகிதம் திருந்தவில்லை. பிறப்புச் சான்றிதழில் ராமாயி. அடையாள அட்டையில் ராமாய். ஊழியர் சேமலாப நிதியில் ரமாயி. வங்கிப் புத்தகத்தில் அப்பா பெயரும் சேர்ந்த இன்னொரு ராமாயி. இப்படி நான்காய்ப் பிரிந்து கிடக்கும் பெண்கள் எத்தனை தோட்டத்தில் இருக்கிறார்கள் என்று உனக்குத் தெரியும். முப்பது வருடம் பால் வெட்டிய கையோடு, நான்தான் நான் என்று நிரூபிக்கச் சத்தியக்கடதாசி தேடி, சமாதான நீதவானைத் தேடி அலைகிறார்கள். சிங்களத்தில் காதால் கேட்டு எழுதியதும், அதை ஆங்கிலத்துக்கு மாற்றியதும், ஆங்கிலத்திலிருந்து மறுபடி தமிழுக்கு இழுத்ததும் சேர்ந்து செய்த வேலை இது. போதாததற்குப் படிவம் குடும்பப் பெயரைக் கேட்கிறது. நம்மிடம் குடும்பப் பெயர் ஏது? பிள்ளையின் பெயர், அப்பாவின் பெயர், அவ்வளவுதான். கட்டாயம் நிரப்பு என்று கம்ப்யூட்டர் அதட்டினால் எழுதுகிறவர் கைக்கு வந்ததைப் போட்டு நிரப்புகிறார். அந்தப் படிவத்தை வடிவமைத்தவருக்கு நம் வீட்டுப் பெயர் முறை தெரியாது. உனக்குத் தெரியும். இந்தத் துறைக்கு நீ கொண்டுபோகும் முதல் ஆயுதம் அதுதான்.

அடையாள அட்டையைக் கையில் எடு. பழைய இலக்கத்தில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம். அடுத்த மூன்று, வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அந்த நாளோடு 500 கூட்டுவார்கள். பிறகு வரிசை எண் மூன்று, சரிபார்க்கும் இலக்கம் ஒன்று, கடைசியில் வி அல்லது எக்ஸ் என்ற ஆங்கில எழுத்து. வாக்குரிமை உள்ளவருக்கு வி. 2016இலிருந்து வருடம் நான்கு இலக்கமாகி, எழுத்து போய், மொத்தம் 12 இலக்கம் ஆனது. பழையதைப் புதியதாக்க முன்னால் 19 சேர்த்து, நாளுக்கும் வரிசை எண்ணுக்கும் நடுவில் ஒரு பூச்சியம் செருக வேண்டும்.

இப்போது யோசி. ஒரே அம்மா பழைய இலக்கத்தோடு ஒரு பட்டியலில், புதிய இலக்கத்தோடு இன்னொரு பட்டியலில் இருக்கிறார். இரண்டையும் ஒன்றாகக் கொட்டினால் டேட்டாபேஸ் இரண்டு அம்மாக்களைக் காட்டும். ஒருவருக்கு நிவாரணம் இரண்டு முறை போகும், அல்லது இரட்டைப் பதிவு என்று சந்தேகப்பட்டு இரண்டையுமே நிறுத்துவார்கள். நீ செய்ய வேண்டியது: எது வந்தாலும் 12 இலக்கத்துக்கு மாற்றி வை. நாள் 1 முதல் 366 வரை, அல்லது 501 முதல் 866 வரை இருந்தால் மட்டும் உள்ளே விடு. பால் என்ற புலத்தில் பெண் என்றும் நாளில் 212 என்றும் இருந்தால் வாசலிலேயே நிறுத்திக் கேள்வி கேள். ஒரு சின்ன நிபந்தனைதான். தட்டச்சுப் பிழையில் பாதியை அது மறித்துவிடும் என்று நான் புள்ளிவிவரம் காட்டப் போவதில்லை. ஒரே ஒரு அம்மாவின் பிழையை மறித்தாலும் எனக்குப் போதும்.

அதற்காக அடையாள அட்டை இலக்கத்தையே, ஆளைப் பிரித்துக் காட்டும் முதன்மைச் சாவியாக வைத்துவிடாதே. அட்டை இல்லாத கிழவர்கள் இருக்கிறார்கள், அட்டை எடுக்கும் வயது வராத பிள்ளைகள் இருக்கிறார்கள். எவருக்கும் எதையும் சொல்லாத ஒரு சொந்த எண்ணை ஒவ்வொருவருக்கும் கொடு, அட்டை இலக்கத்தைத் தனிப் புலமாக வை. தெரியாத பிறந்த தேதிக்கு ஜனவரி 1 என்று போடுகிற பழக்கம் இருக்கிறதே, அதையும் விட்டொழி. தெரியாது என்றால் தெரியாது என்று வெறுமையாக வை. இட்டுக்கட்டிய தேதி பத்து வருடம் கழித்து யாருடைய ஓய்வுக்கால வயதை மாற்றும் என்று உனக்குத் தெரியுமா?

"இதெல்லாம் பெரிய பெரிய இன்ஜினியர் வேலை" என்கிறாயா? எட்கர் கோட் என்ற ஆங்கிலேயர், உலகப் போரில் விமானப்படையில் இருந்தவர், ஐபிஎம் நிறுவனத்தில் வேலை செய்தபோது 1970இல் ஒரு கட்டுரை எழுதினார். தரவை அட்டவணைகளாக வை, ஒரு செய்தியை ஓரிடத்தில் மட்டும் எழுது, மற்ற இடங்கள் அதைச் சுட்டட்டும் என்ற வழி அங்கிருந்துதான் வந்தது. இன்றைக்கு வங்கியும் ஆஸ்பத்திரியும் அதன் மேல்தான் ஓடுகின்றன. அந்த வழியின் சாரத்தை உன் தோட்டத்துச் செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் நீ ஏற்கெனவே பார்த்திருக்கிறாய்.

காலைப் பிரட்டில் கங்காணி பெயரைப் போடுகிறார். பால் வெட்டி முடித்து வாளியோடு வந்தால் நிறை பார்த்து, மெட்ரோலாக் விட்டுப் பாலின் செறிவு பார்த்து, ஆளுக்கு ஆள் எழுதுகிறார்கள். ஆளுக்கு ஆள் எழுதியதன் கூட்டுத்தொகையும், மலையிலிருந்து போன பாலின் மொத்தமும், ஸ்டோரில் இறங்கிய மொத்தமும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் அன்று மாலையே சண்டை. சம்பளச் சீட்டை வாங்கிய கையோடு "எனக்கு ரெண்டு பேர் குறையுதே" என்று கணக்கப்பிள்ளையை மடக்கிய அம்மாவைப் பார்த்ததில்லையா நீ? ஒரு நாளுக்கு ஒரு பேர், அரை நாளுக்கு அரைப்பேர் என்று மாதம் முழுவதையும் தலைக்குள் வைத்திருக்கும் அந்த அம்மாவுக்கு எழுத வராமல் இருக்கலாம். தணிக்கை வரும்! அவள் பெற்ற பிள்ளைக்கு டேட்டாபேஸ் வராது என்று எவன் சொன்னான்?

செக்ரோலை அட்டவணையாக்கு. ஒரே ஆளுக்கு ஒரே தேதியில் இரண்டு வரி வரக்கூடாது: ஆளும் தேதியும் சேர்ந்த இணைக்கு யுனீக் என்ற கட்டுப்பாட்டைப் போடு. பேர் என்ற புலத்தில் 7 என்று ஒருவர் தட்டினால் அது உள்ளே போகவே கூடாது: செக் என்ற கட்டுப்பாடு. ஆள் பதிவேட்டில் இல்லாத ஓர் எண்ணுக்குச் சம்பளம் எழுதினால் டேட்டாபேஸ் மறுக்க வேண்டும்: அந்நியச் சாவி. இந்த மூன்றாவதை மட்டும் யாராவது எடுத்துவிடச் சொன்னால், பேய்களுக்குச் சம்பளம் போகும் வழி திறக்கிறது என்று புரிந்துகொள்.

இந்தக் காவலை எங்கே நிறுத்துவது என்பதில் கம்ப்யூட்டர் ஆட்களிடையே சண்டை உண்டு. தட்டும் திரையில் சோதித்தால் போதும் என்பார்கள் சிலர். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இன்றைக்கு ஒரு திரை, நாளைக்கு ஒரு போன் செயலி, நாளன்றைக்கு எக்ஸெல் கோப்பிலிருந்து ஆயிரம் வரி ஒரேயடியாக இறங்கும், ராத்திரி பதினொரு மணிக்கு ஒருவர் நேரே அட்டவணைக்குள் கை வைப்பார். எந்த வழியாக வந்தாலும் கடைசியில் போய்ச் சேரும் இடம் டேட்டாபேஸ்தான். விதி அங்கே இருக்க வேண்டும். திரையிலும் வை, தட்டுகிறவருக்கு உடனே தெரியட்டும். அது மரியாதைக்கு. பாதுகாப்பு உள்ளே.

அடுத்தது கரண்ட். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்சாரம் வெட்டிய நாடு இது. சம்பளத்திலிருந்து சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் 8 சதவீதத்தைக் கழித்தாயிற்று. தொழில்தருநரின் 12 சதவீதத்தையும் சேர்த்து நிதிக் கணக்கில் எழுதுவதற்குள் கரண்ட் போனால்? கழித்தது கழித்தபடி, சேர்ந்தது சேராதபடி நின்றால் அந்தப் பணம் யாருடையது? ஜிம் கிரே என்ற அமெரிக்கர் வாழ்நாளில் பெரும்பகுதியை இந்தக் கேள்விக்குக் கொடுத்தார், 1998இல் டியூரிங் விருதும் பெற்றார். விடை இதுதான்: இரண்டு வேலையையும் ஒரே கட்டாகக் கட்டு. முடிந்தால் முழுவதும் முடியட்டும், முடியாவிட்டால் எதுவுமே நடக்காதது போலப் பழைய நிலைக்குத் திரும்பட்டும். முடிந்தது என்று சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு எத்தனை முறை கரண்ட் போனாலும் அழியக்கூடாது. கொழும்பில் ஜெனரேட்டரோடு பழகியவர்களுக்கு இது புத்தகப் பாடம். உனக்கு இது நேற்று ராத்திரி நடந்தது.

இன்னும் ஒன்று. இரண்டு எழுதுவினைஞர்கள் ஒரே தொழிலாளியின் பதிவை ஒரே நேரம் திறக்கிறார்கள். ஒருவர் பெயரைத் திருத்துகிறார், மற்றவர் வங்கிக் கணக்கை. கடைசியில் சேமித்தவர் முன்னவரின் திருத்தத்தைத் தெரியாமலே அழித்துவிடுகிறார். பதிவுக்கு ஒரு பதிப்பு எண் வை. நான் திறந்தபோது 4 இருந்தது, இப்போதும் 4தானா என்று பார்த்துவிட்டுச் சேமிக்கட்டும். இல்லையென்றால் "வேறொருவர் மாற்றியிருக்கிறார், மறுபடி பார்" என்று சொல்லட்டும்.

வெள்ளைக்காரன் செய்தால் தப்பே வராது என்று ஒரு பயபக்தி நம்மில் பலருக்கு உண்டு. பிரிட்டனில் போஸ்ட் ஆபீஸ் நிறுவனம் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருளைக் கொண்டுவந்தது. கணக்கில் பணம் குறைகிறது என்று அது காட்டியது. கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்று நீதிமன்றங்கள் நம்பின. 1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கும் மேற்பட்ட உப தபாலதிபர்களும் ஊழியர்களும் குற்றவாளிகள் ஆனார்கள். சீமா மிஸ்ரா என்ற இந்திய வம்சாவளிப் பெண்ணைக் கர்ப்பிணியாக இருக்கும்போது 2010இல் சிறைக்கு அனுப்பினார்கள். ஆனால் தப்பு மென்பொருளில் இருந்தது. திரை உறைந்து நிற்க, மறுபடி மறுபடி என்டர் தட்டினால், ஒரே பண மாற்றத்தை அது பலமுறை எழுதிய சம்பவமும் வெளியே வந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் மறுமுறை வராத ஓர் எண்ணைக் கொடுத்து, அதே எண் திரும்பி வந்தால் மறுத்திருந்தால் போதும்!

ஆலன் பேட்ஸைத் தெரிந்துகொள். வேல்ஸில் சின்னத் தபால் நிலையம் நடத்தியவர். திரை காட்டிய பற்றாக்குறையை ஏற்க மாட்டேன் என்று நின்றார். 2003இல் அவருடைய ஒப்பந்தத்தை முறித்தார்கள். அவர் முறியவில்லை. 555 பேரைத் திரட்டி வழக்குப் போட்டார். 2019 டிசம்பரில் நீதிபதி ஃபிரேசர் ஹொரைசனில் கோளாறுகள் இருந்தன என்று தீர்ப்பெழுதினார். 2024இல் பாராளுமன்றம் சட்டம் போட்டு அந்தத் தண்டனைகளைத் துடைத்தது. பேட்ஸ் மென்பொருள் எழுதியவர் அல்ல. என் கணக்கு சரி, உன் பெட்டி தப்பு என்று சொல்லும் முதுகெலும்பு அவருக்கு இருந்தது. உன்னிடம் அதுவும் இருக்கிறது, கட்டளை எழுதும் கையும் இருக்கிறது.

நம் நாட்டு உதாரணம் கேட்டால் சஹானாவைச் சொல்வேன். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு காணாமற்போனவர்களின் பட்டியல் ஆளுக்கொன்றாகக் கிடந்தது. எந்த முகாமில் யார், எந்த நிறுவனம் எந்த ஊரில் வேலை செய்கிறது என்று யாருக்கும் முழுதாகத் தெரியவில்லை. இலங்கை இளைஞர்கள் தொண்டர்களாக உட்கார்ந்து, எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி ஒரு மென்பொருளை எழுதினார்கள். அதுதான் சஹானா. 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கு அது போனது, 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவுக்குப் போனது. சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை அந்த வருடத்துக்கான சமூக நலன் விருதை அதற்குக் கொடுத்தது. அழிவின் நடுவில் இருந்தவர்கள் எழுதியதால்தான் என்ன புலம் வேண்டும், எது இரட்டிக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்தது. மண்சரிவும் வெள்ளமும் நம் கேகாலை மாவட்டத்துக்குப் புதிதா? அடுத்த பட்டியலை யார் எழுதுவது?

கருவி வாங்கக் காசில்லை என்று சாக்குச் சொல்லாதே. போஸ்ட்கிரெஸ் இலவசம். எஸ்கியூலைட் என்ற இன்னொரு டேட்டாபேஸ் உன் போனுக்குள் இந்த நிமிடமும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலம் வராது என்றால், டேட்டாபேஸிடம் பேசும் எஸ்கியூஎல் மொழியில் தினமும் புழங்கும் சொற்களை ஒரே ஒரு கொப்பித் தாளில் எழுதி முடிக்கலாம். நேர்முகத் தேர்வில் எந்த ஊர் என்று கேட்டால் டவுனின் பெயரைச் சொல்லித் தோட்டத்தின் பெயரை விழுங்காதே. தோட்டத்தின் பெயரைச் சொல், டிவிஷனையும் சேர்த்துச் சொல். பிறகு செக்ரோலுக்கு நீ போட்ட அட்டவணையை மேசையில் வை, அதில் எந்தப் பிழை உள்ளே வர முடியாது என்று அவர்களுக்கு விளக்கு. வேலை கிடைத்த பிறகு ஒரு நாள், "திங்கட்கிழமை திறப்பு விழா, அந்தக் கட்டுப்பாடுகளை இப்போதைக்கு எடுத்துவிடு, பிறகு போடலாம்" என்று மேலாளர் கட்டாயம் சொல்வார். அன்றைக்குத்தான் உன் பரீட்சை. எடுக்க மாட்டேன் சேர், மறுக்கப்பட்ட வரிகள் இவை, ஒவ்வொன்றும் ஓர் ஆள், இன்றைக்கே திருத்தித் தருகிறேன் என்று சொல். குரலை உயர்த்த வேண்டாம். பட்டியலை நீட்டு.

சட்டமும் இப்போது உன் பக்கம் பேசுகிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரைப் பற்றிய தரவைத் துல்லியமாக வைத்திருப்பது அதை வைத்திருப்பவரின் கடமை என்கிறது. தப்பைத் திருத்தக் கேட்கும் உரிமையையும் தருகிறது. அது நடைமுறைக்கு வருவது தள்ளித் தள்ளிப் போனது வேறு கதை.

முதல் வேலையை வீட்டிலேயே தொடங்கு. அம்மா, அப்பா, ஆத்தா, தங்கச்சி எல்லோருடைய பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சேமலாப நிதிக் காகிதம், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் எடுத்து வை. ஒவ்வொன்றிலும் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே, ஓர் எழுத்தும் திருத்தாமல், அட்டவணையில் தட்டு. எங்கே ஒத்துப்போகவில்லை என்று நீயே ஒரு கேள்வி எழுதி டேட்டாபேஸிடம் கேள். வரும் விடையை அச்சடித்துக்கொண்டு ஆத்தாவோடு வரக்காப்பொல பிரதேச செயலகத்துக்குப் போ, மேலதிக மாவட்டப் பதிவாளரின் மேசை எது என்று கேள். முதல் தடவையில் முடியாது, இன்னொரு காகிதம் கேட்பார்கள். என்ன காகிதம் என்று எழுதித் தரச் சொல், எழுதித் தந்தவரின் பதவியையும் தேதியையும் குறித்துக்கொள். அதற்கும் அட்டவணையில் ஒரு புலம் போடு.